அணில் கிட்டே வருவது நம்மை நம்பித்தானா?

எங்கள் ஜன்னலை ஒட்டிய மரத்தில் பல வருடங்களாக அணில்கள் குடியிருக்கின்றன. பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. அணில் மனிதர்களைக் கண்டு பயப்படுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது கவனிப்பது நம் கண் போகும் திசையை. மரத்தடியில் ஆட்கள் பேசிக்கொண்டே போவார்கள், அது பாட்டுக்குக் கொறித்துக்கொண்டிருக்கும். அவர்களில் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும், கொறிப்பது நின்றுவிடும், உடம்பு கிளையோடு ஒட்டிக்கொள்ளும். பாதையை விட்டு மரத்தை நோக்கி ஓரடி வைத்தால் தண்டின் மறுபக்கம் போய்விடும். நாம் சுற்றினால் அதுவும் சுற்றும்; நடுவில் எப்போதும் மரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும்.

நகரத்துச் சாம்பல் அணில்களை (வட அமெரிக்காவைச் சேர்ந்த இனம்) வைத்து நடந்த ஓர் ஆய்விலும் இதையேதான் கண்டார்கள். பாதையோடு போகிறவர்களை அவை அதிகம் பொருட்படுத்துவதில்லை. பாதையை விட்டிறங்கி, தன்னைப் பார்த்துக்கொண்டே வருகிறவரிடம்தான் உஷாராகின்றன. அதனால் நான் அணிலை நேராகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து கையில் ஏதாவது வேலையை வைத்துக்கொள்வேன். சற்று நேரத்தில் ஜன்னல் விளிம்புவரை வந்துவிடும். அணில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் நம்மைப் பார்க்கவில்லை என்று அர்த்தமில்லை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்னால் அசைவதும் அதற்குத் தெரியும்.

வாலையும் கவனியுங்கள். பூனை வந்தால் எங்கள் அணில் பாதுகாப்பான கிளையில் ஏறி நின்றுகொண்டு விடாமல் கத்தும். ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒரு வெட்டு வெட்டும். பூனை நம் கண்ணுக்கு மறைந்த பிறகும் கத்துகிறதே என்று எரிச்சல்படுவார்கள். பெரும்பாலும் பூனை அங்கேதான் எங்காவது பதுங்கியிருக்கும், மேலே இருப்பதற்கு அது தெரிகிறது. வால் விஷயத்தில் என்னை மிகவும் அசரவைத்தது கலிபோர்னியத் தரை அணில். சாரைப்பாம்பின் வகையொன்று எதிரில் வந்தால் வாலை வெறுமனே ஆட்டும். கிலுகிலுப்பை விரியன் வந்தால் வாலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சிச் சூடாக்கிக்கொண்டு ஆட்டும். வெப்பத்தை உணரும் உறுப்பு அந்த விரியனுக்குத்தான் உண்டு. எதிரில் நிற்பது எதை உணரும் என்பதைப் பொறுத்து எச்சரிக்கையையே மாற்றுகிறது, பாருங்கள். 2007-ல் வெளியான ஆய்வு அது.

அணில்களுக்குப் பறவைகளின் பேச்சும் கேட்கிறது. பருந்தின் குரலை ஒலிக்கவிட்டு, அதன் பிறகு சாதாரணப் பறவைச் சலசலப்பைக் கேட்கவைத்தால் சாம்பல் அணில்கள் சீக்கிரம் இயல்புக்குத் திரும்பியதை 2019-ல் பதிவு செய்திருக்கிறார்கள். என் ஜன்னலிலும் மரம் திடீரென்று அமைதியானால் அணில் இறங்காது.

*

கீழே விழுந்த குஞ்சைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு எடுத்துப்போய்ப் பலர் அதைச் சாகவிட்டுவிடுகிறார்கள்.

கூடு காற்றில் சரிந்து, கண் திறக்காத குஞ்சு ஒன்று எங்கள் வாசலில் கிடந்தது. காயமில்லை, எறும்பு மொய்க்கவில்லை, ஆனால் உடம்பு குளிர்ந்திருந்தது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு சிறு பெட்டியில் வைத்து, அதை ஒட்டிக் குஞ்சைப் படுக்கவைத்து, பெட்டியைத் திறந்தபடியே மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டோம். பாலோ தண்ணீரோ கொடுக்கவில்லை. மாட்டுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, சொட்டுச் சொட்டாக விட்டாலும் நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. தாய் வந்தது. மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பதெல்லாம் உண்மையில்லை. குஞ்சின் வயிற்றுப்பக்கத் தோலை வாயால் கவ்வ, குஞ்சு தாயின் கழுத்தைச் சுற்றிச் சுருண்டுகொள்ள, அப்படியே தூக்கிக்கொண்டு மரமேறியது. முதல் கூடு போனாலும் மாற்றுக் கூடு வைத்திருக்கும் தாய்கள் உண்டு.

மர அணில் பகலில்தான் தேடும். இருட்டிவிட்டால் குஞ்சை உள்ளே கதகதப்பாக வைத்து, விடிந்ததும் திரும்ப அதே மரத்தடியில் வையுங்கள். அப்போதும் தாய் வராவிட்டால், அல்லது காயம் இருந்தால், வனவிலங்கு மீட்பாளர்களிடம் கொடுத்துவிடுவதே சரி.

*

தொட்டிகளைத் தோண்டுகிறது என்று கோபப்படுகிறவர்களுக்கு: அது செடியைக் கெடுக்க வரவில்லை, சேமிக்க வருகிறது. எங்கள் தோட்டத்துச் சாம்பல் அணில் குழி பறித்து, மூக்கால் அமுக்கி, மண்ணைத் தள்ளி மூடி, கையால் தட்டிவிட்டுப் போகும். போய்ப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கொட்டை இன்னும் அதன் வாயில்! வேறு அணிலோ காகமோ பார்த்துக்கொண்டிருக்கும்போது இப்படிப் பொய்யாகப் புதைக்கும். நான் ஜன்னலில் நிற்கும்போதும் செய்கிறது. என்னையும் திருடன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான். புதைத்த இடத்தை மோப்பத்தால் மட்டும் கண்டுபிடிப்பதில்லை, தான் புதைத்த இடங்களை நினைவில் வைத்திருக்கிறது என்று 1991-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எடுக்காமல் விட்டவை முளைக்கும்; எங்கள் வேலியோரம் யாரும் நடாத மரக்கன்றுகள் நிற்கின்றன.

*

கையில் ஊட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். நான் ஊட்டுவதில்லை. கையில் வந்து வாங்கும் அணிலுக்கு எல்லாக் கையும் ஒன்றுதான் என்று ஆகிவிடுகிறது, அது விரட்டுகிறவர் வீட்டுக்கும் அதே தைரியத்தோடு போகும். விரலில் கடலை வாசனை இருந்தால் பல் விரலிலும் பதியும். அந்த முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்கிறவை, கொட்டையின் கடினமான ஓட்டையே உடைப்பவை. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். அணிலால் வெறிநோய் வருவது மிக மிக அரிது, ஆனாலும் காயம் காயம்தான். கடலையே தினமும் போட்டால் கால்சியம் போதாமல் அதன் எலும்பு பலவீனப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதாவது செய்தே ஆகவேண்டும் என்றால் தண்ணீர் வையுங்கள். ஆழமில்லாத சட்டி, தினமும் மாற்றிய தண்ணீர், இரண்டு தாவலில் ஏறிவிடக்கூடிய தூரத்தில் ஒரு மரம். புதர் பக்கத்தில் மட்டும் வேண்டாம், பூனை அங்கேதான் பதுங்கும்.