லெகோ ட்ரெயினுக்கு சொந்தமா கிராஸிங் செஞ்சவங்க இருக்கீங்களா? அனுபவத்த எழுதுங்க

நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். லெகோ ட்ரெயின் வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த ஆசை வந்துடும், வட்டமா சுத்தினது போதும்டா ரெண்டு லைனு குறுக்க வெட்டிக்கணும்னு. 9 வோல்ட் காலத்துல (தண்டவாளத்துலயே கரண்ட் ஓடின பழைய ட்ரெயின்) 4519னு ஒரு 90 டிகிரி கிராஸிங் போட்டாங்க, 16க்கு 16 ஸ்டட் (லெகோ மேல இருக்கிற குமிழ், ஒண்ணுக்கு 8 மில்லிமீட்டர்). இப்ப கடையில ஸ்விட்ச் ட்ராக் (ஒரு லைன ரெண்டா பிரிக்கிறது) கிடைக்கும், கிராஸிங் கிடைக்காது, லெகோ வாங்கி விக்கிற பிரிக்லிங்க் சைட்லதான் பழசு தேடணும்.

அந்த 16க்கு 16 சும்மா வச்ச அளவு இல்லைங்க. வளைவு ட்ராக்கு ரேடியஸ் 40 ஸ்டட், ஒரு துண்டு 22.5 டிகிரி திரும்பும். 8 வடிவத்துல லேஅவுட் போட்டா ஒவ்வொரு லூப்பும் 270 டிகிரி, அதாவது 12 துண்டு. அந்த வளைவு நேர் லைன்ல வந்து சேர்ற இடம் கிராஸிங் மையத்துல இருந்து சரியா 40 ஸ்டட்டு. கிராஸிங்ல பாதி 8, ரெண்டு நேர் ட்ராக் 32, முடிஞ்சுது கணக்கு. 24 வளைவு, 8 நேர், ஒரு கிராஸிங், எங்கயும் இழுக்காம மூடிக்கும்.

எனக்கு வேண்டியது 45 டிகிரி. ஹால்ல சோபாவுக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவுல நீளமா ஒல்லியாதான் இடம், 45 போட்டா 8 நீளவாக்குல நல்லா நீண்டு வரும். டிசைன் பண்றவங்க எல்லாரும் நடுவுல இருக்கிற அந்த எக்ஸ் மேலயே கண்ணா இருப்பாங்க, ஆனா உண்மையான வேலை நாலு கையோட (மையத்துல இருந்து நாலு பக்கமும் நீளுற ட்ராக்) நீளத்துலதான் இருக்குன்னு நான் சொல்லுவேன். ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில குறுக்க கிடக்கிற கட்டை) 8 ஸ்டட் அகலம், 45 டிகிரில ரெண்டு லைனும் ஒண்ணை ஒண்ணு முட்டாம பிரியவே மையத்துல இருந்து கிட்டத்தட்ட 10 ஸ்டட் வேணும், அதனால 8 ஸ்டட் கை நடக்காது. அடுத்து லூப் மூடணும். 225 டிகிரி லூப்புக்கு 10 வளைவு, வளைவு தொடங்குற இடம் மையத்துல இருந்து 96.57 ஸ்டட். அஞ்சு நேர் ட்ராக் போக மிச்சம் 16.57. அதுதான் கையோட நீளம், 16 இல்ல. கிராஸிங்க திருப்பி வச்சு குண்டு பக்கமா 315 டிகிரி லூப் போட்டாலும் அதே 16.57தான் வருது, நேர் ட்ராக்கே வேணாம். பேப்பர்ல இத பார்த்தப்ப ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்காரிய எழுப்பி சொல்லலாமான்னு தோணுச்சு, சொல்லல.

அந்த 0.57னா நாலரை மில்லிமீட்டர். பெரிய லூப்னா ஜாயின்ட்ல இருக்கிற ஆட்டத்துல கரைஞ்சிடும், சின்ன லூப்னா வளைவு ஒண்ணு தூக்கிக்கும். புளூபிரிக்ல வரைஞ்சு பார்த்தா இடைவெளி கண்ணுக்கே தெரியும், லேஅவுட் வரையற ஃப்ரீ சாஃப்ட்வேர்தான் அது.

---

அண்ணா சூப்பர், நான் சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன். கைய பத்தி சொல்லிட்டீங்க, நான் நடுவ பத்தி சொல்றேன். சக்கரத்தோட விளிம்பு போறதுக்கு தண்டவாளத்துல ஒரு வெட்டு விடணும்ல, அந்த வெட்டு இரண்டரை மில்லிமீட்டர்னு வச்சா 90 டிகிரில சக்கரம் தாண்டற பள்ளமும் அவ்ளோதான், 45ல மூணரை ஆயிடும், 22.5ல ஆறரை. சக்கரம் சின்னது, ஆறரைல டொக்குனு விழுந்து எழும்பும், காலி வேகன் அப்படியே பக்கத்து லைனுக்கு திரும்பிடும். நான் பண்ணது என்னன்னா பள்ளத்தோட தரைய உயர்த்திட்டேன், நடுவுல மட்டும் சக்கரம் விளிம்பு மேலயே ஓடும், சத்தமும் குறைஞ்சுது. நிஜ ரயில்வேயிலயும் சில இடத்துல இப்படி விளிம்ப தாங்கற கிராஸிங் இருக்கு. ஆனா உயர்த்தற இடத்துல சரிவு மெதுவா இருக்கணும், படி மாதிரி நின்னா எஞ்சின் முட்டி நிக்கும்.

அப்புறம் இத 3டி பிரிண்டர்ல அடிக்கறப்ப, தட்டு 220க்கு 220 மில்லிமீட்டர்னா அண்ணாவோட 45 டிகிரி ஒரே துண்டா உள்ள போகாது, கோணலா வச்சாலும் போகாது, கைங்கள தனியா அடிச்சு ஒட்டணும். பிஎல்ஏங்கற பிளாஸ்டிக்ல அடிச்சா கார்ல வச்சுட்டு போயிடாதீங்க, 60 டிகிரி பக்கத்துலயே இளகிடும், மதிய வெயில்ல பூட்டின கார்னா சொல்லவே வேணாம். பெட்ஜி பிளாஸ்டிக் பரவாயில்ல.

---

திருச்சி பொன்மலைங்க நான். எங்க தாத்தா ரயில்வேல தண்டவாளம் பார்க்கற வேலைல இருந்து ரிட்டயர் ஆனவரு. என் பையன் தரையில கிராஸிங் போட்டு ஓட்டிட்டு இருந்தப்ப பக்கத்துல வந்து உக்காந்தாரு, ஒரு நிமிஷம் பார்த்துட்டு "செக் ரெயில் எங்கடா?"ன்னாரு. எங்களுக்கு முழிக்கத்தான் தெரிஞ்சுது. பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள ஒரு தண்டவாளத்த ஒட்டி வச்சு அந்தப் பக்கத்து சக்கரத்த புடிச்சுக்கணுமாம், அப்பதான் இந்தப் பக்கத்து சக்கரம் பள்ளத்துல தப்பா போகாதாம். டயமண்ட்ல (ரெண்டு லைன் வெட்டிக்கற இடத்துல வர்ற சாய்சதுரம்) ரெண்டு ஓரத்துல இருக்கற கூர் முனைக்கு இது சுலபம், நடுவுல வர்ற ரெண்டு மழுங்கல் முனைதான் வில்லங்கம், அங்க ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பள்ளம் வந்துடும், கோணம் படுக்கப் படுக்க புடிமானம் இல்லாத தூரம் கூடும்னாரு. தாத்தா சொன்னத வச்சு தட்டை டைல அடுக்கி ரெண்டு பக்கமும் ஓரம் கட்டினோம். வேகன் தடம் மாறுறது நின்னுச்சு. அவரு காபி குடிச்சிட்டு "ஸ்பீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் போர்டு வைடா"ன்னுட்டு போயிட்டாரு.

நாக்பூர்ல டெல்லி-சென்னை லைனும் மும்பை-ஹௌரா லைனும் வெட்டிக்கற மாதிரி செய்யணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஒண்ணு. 4519 நாலு சேர்த்து வச்சா ரெண்டு டபுள் லைன் வெட்டிக்கும், மொத்தம் 32க்கு 32, ஒரு பேஸ்பிளேட் அளவு கரெக்டா. லைனுக்கு லைன் 16 ஸ்டட் வருது, லெகோ ஸ்விட்ச் பிரிக்கற தூரமும் அதேதான். நாலு பழசு வாங்க காசு யாரு குடுப்பாங்கன்னு மட்டும் கேக்காதீங்க.

---

9 வோல்ட் மெட்டல் ட்ராக் இன்னும் ஓட்டற கிழவன் நான் ஒருத்தன் இருக்கேன் தம்பிங்களா. உங்க பேட்டரி ட்ரெயினுக்கு இந்தத் தொல்லை கிடையாது, எங்களுக்கு தண்டவாளத்துலதான் கரண்ட். குறுக்க வெட்டினா ஒரு லைனோட ப்ளஸ் இன்னொரு லைனோட மைனஸ மிதிக்கும், ஷார்ட்டு. அதனால நடுப்பகுதி பிளாஸ்டிக்கா இருக்கணும், நாலு கைக்கும் அடியில ஒயர் விட்டு அந்தந்த லைன சேர்க்கணும். பிளாஸ்டிக் நீளமாச்சுன்னா மோட்டார் செத்து நிக்கும். கோணம் படுத்தா பிளாஸ்டிக்கும் நீளும், அதனால நான் 90ஓட நிறுத்திக்கிட்டேன். நீளமான ட்ரெயின்னா கடைசில இன்னொரு மோட்டார் போட்டு ரெண்டையும் ஒயர்ல சேர்த்துருங்க, முன்னாடி இருக்கறது செத்தாலும் பின்னாடி இருக்கறது தள்ளிடும்.

---

எழுதின எல்லாருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன ரெண்டு மோட்டார் விஷயம் எனக்கு புதுசு. செக் ரெயில் என் டிசைன்ல ஓரத்துல இருக்கு, மழுங்கல் முனைல இல்ல, சேர்த்துட்டு ஃபைல இங்கயே போடறேன்.

ஒண்ணு கேக்கணும், 8 வடிவத்துல ட்ரெயின் தன் வால தானே இடிக்கும்ல, 90 டிகிரில ஒரு லூப் ரெண்டு மீட்டருக்கு கொஞ்சம் மேல, அதுக்குள்ள ட்ரெயின் அடங்கினா சரி. ரெண்டு ட்ரெயின் விட்டா? பைபிரிக்ஸ் (லெகோ ஹப்புக்கு நாமளே ப்ரோக்ராம் எழுதற சாஃப்ட்வேர்) போட்டு ட்ரெயினுக்குள்ள இருக்கற ஹப்பும் ஹப்பும் பேசிக்க வச்சு, கலர் சென்சார்ல கிராஸிங்குக்கு முன்னாடி நிறுத்தினவங்க யாராச்சும் இருந்தா அந்தக் கதைய எழுதுங்க. சென்சாருக்கு என்ன கலர் டைல் வச்சீங்கன்னும் சொல்லுங்க, என் வீட்டு ட்யூப்லைட்ல மஞ்சளும் வெள்ளையும் அதுக்கு ஒண்ணாதான் தெரியுது.