கடப்பாவா, கிரானைட்டா? சமையல் மேடைக் கல் பராமரிப்பில் உங்கள் அனுபவம் என்ன?

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நாங்கள் குடிவந்த வாடகை வீட்டின் சமையல் மேடை கறுப்புக் கல். "கிரானைட்தான் அம்மா, எதுவும் ஆகாது" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அடுப்புக்குப் பக்கத்தில் வட்டம் வட்டமாக வெளுப்பு. முன்பு இருந்தவர்கள் புளி கரைத்த பாத்திரத்தை அங்கேதான் வைத்திருக்க வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினேன், வெளுப்பு அசையவில்லை.

அழுக்காக இருந்தால் கொஞ்சமாவது குறைந்திருக்குமே என்று சந்தேகம் வந்தது. சிங்க்குக்குப் பின்னால், கண்ணில் படாத மூலையில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் கழித்துத் துடைத்தேன். அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கிவிட்டது. அது கிரானைட் அல்ல, கடப்பா கல்.

கடப்பா ஒரு சுண்ணாம்புக்கல். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், தயிரின் லாக்டிக் அமிலம் எல்லாமே அதைக் கரைக்கும். அந்த வெளுப்பு மேலே படிந்த கறை அல்ல. கல்லே அரிக்கப்பட்ட தடம். அதனால்தான் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மறுபடி பாலிஷ் போட்டால்தான் உண்டு. மார்பிளுக்கும் இதே கதிதான். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும். சமையல் புளிப்பு அவற்றை எளிதில் தொடாது. தேங்காய் எண்ணெய் தடவினால் கறுப்பு திரும்பிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். தடவிய நாளில் அழகாக இருக்கும், பிறகு தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

உங்கள் வீட்டில் என்ன கல், எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கடலூர் முதுநகர்

அக்கா, எங்கள் வீட்டில் வெளிர் நிறக் கிரானைட். துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால் வாரத்தில் பாதி நாள் மீன்தான். புளிக்குழம்பு சிந்தினால் ஒன்றும் ஆவதில்லை. எங்களுக்குத் தொல்லை எண்ணெய். மீன் பொரித்த சட்டியை இறக்கி வைத்த இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்கி, ஈரம் காயாதது போல ஒரு கருந்திட்டு நின்றுவிட்டது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அதன்மேல் தடிமனாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டி, மறுநாள் தாளை எடுத்துவிட்டு நன்றாகக் காயவிட்டேன். காயும்போதுதான் அது எண்ணெயை உறிஞ்சுகிறது. ஈரமாக இருக்கும்போதே வழித்துவிட்டால் பயனில்லை. ஒரே தடவையில் முழுவதும் போகவில்லை, திரும்பத் திரும்பச் செய்ததில் மறைந்தது.

மஞ்சள்தூள் கறைக்கு வெயிலே மருந்து. எங்கள் மேடை கிழக்கு ஜன்னலை ஒட்டி இருப்பதால், துடைத்துவிட்டு விட்டுவிடுவேன், தானாக வெளுத்துவிடும்.

வில்லியனூர்

கல் பாலிஷ் வேலை செய்கிறேன். முத்தியால்பேட்டை சகோதரி செய்த சோதனை சரியானது. கடப்பா மேடைகளில் நான் பார்க்கும் சேதத்தில் பெரும்பகுதி புளியால் வந்ததுகூட அல்ல, கழிவறை கழுவும் ஆசிட்டால் வந்தது. குழாயடியில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படிகிறது. அதை எடுக்க ஆசிட் ஊற்றுகிறார்கள். அந்தப் படிவும் சுண்ணாம்பு, கீழே இருக்கும் கல்லும் சுண்ணாம்பு. ஆசிட் இரண்டையும் சேர்த்தே தின்னும். அதோடு பிளீச்சிங் பவுடரையும் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது மூச்சுக்கே ஆபத்து. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கிரானைட் வைத்திருப்பவர்கள் மேடையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் பொறுத்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர், அதாவது கல்லுக்குள் எதுவும் இறங்காமல் தடுக்கும் பூச்சு, பூச வேண்டும். கறுக்கவில்லையென்றால் சீலர் தேவையில்லை. பல கறுப்புக் கிரானைட்டுகளுக்குத் தேவைப்படாது. வாங்கச் சொல்லி வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள்.

பரண் துடைக்க மேடைமேல் ஏறி நிற்காதீர்கள். சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய இடத்தில் முன்பக்கம் மிஞ்சுவது ஒல்லியான கல்தான். விரிசல் விடுவது அங்கேதான்.

மஞ்சக்குப்பம், கடலூர்

எங்கள் அத்தை வீட்டு மார்பிள் மேடையில் ஈர அரிவாள்மனையை இரவு முழுவதும் வைத்ததில் துருத் தடம் விழுந்துவிட்டது. கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கிறது. துருவுக்கென்று விற்கும் திரவத்தை ஊற்றலாமா, ஐயா?

வில்லியனூர்

வேண்டாம் அம்மா. அவற்றில் பெரும்பாலானவை அமிலம். துரு போகும், மார்பிளும் போகும். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், அது கிரானைட்டையே அரிக்கும். மார்பிளுக்கென்றே அமிலம் இல்லாத துரு நீக்கி கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். முதலில் ஓரத்தில் பூசிப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஐயாவுக்கு நன்றி. வீட்டுக்காரரிடம் எலுமிச்சைச் சோதனையை நேரில் காட்டினேன். பாலிஷ் செலவை அவரே ஏற்கிறேன் என்றார். அதுவரை புளி, தயிர், எலுமிச்சை எல்லாம் எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல்தான். குழாயடி வெள்ளைப் படிவைப் பழைய ஏடிஎம் அட்டையால் மெல்லச் சுரண்டுகிறேன், கீறல் விழாமல் வருகிறது.