‘துண்டு நீக்கம்’ பொருந்துமா? டிஃப்ராக்மென்டேஷனுக்கு ஒரு சொல்

> டிஃப்ராக்மென்டேஷனுக்குத் ‘துண்டு நீக்கம்’ போடலாமா? சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. டிஃப்ராக்மென்டேஷன் என்பது டிஸ்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை அடுத்தடுத்து வைக்கும் வேலை. உங்கள் சொல் சுருக்கம்தான், ஆனால் பொத்தானில் ஏறினால் ஆபத்து. ‘நீக்கு’ என்றாலே டெலீட் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. ‘சி டிரைவில் துண்டுகளை நீக்கவா?’ என்று திரை கேட்டால், கோப்பு போய்விடுமோ என்று பயந்து ‘ரத்து’ செய்துவிடுவார்கள். உண்மையில் எதுவும் அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது.

என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) டிரைவில் இடம் வழக்கமாக 4 கேபி கிளஸ்டர்களாக, அதாவது சின்னக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். 40 எம்பி கோப்புக்கு 10,240 கிளஸ்டர் வேண்டும். ஒரே இடத்தில் அவ்வளவு காலி இல்லையென்றால், கிடைத்த சந்துபொந்துகளில் சிதறி உட்காரும். படிக்கும்போது ஹார்டு டிஸ்கின் ஹெட், அதாவது படிக்கும் முனை, ஒவ்வொரு துண்டுக்கும் தாவ வேண்டும். தாவிய பிறகும் தகடு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்கில் இந்தக் காத்திருப்பு மட்டும் சராசரியாக 4.2 மில்லிநொடி. அப்படி உதிர்ந்த மணிகளைத்தான் டிஃப்ராக்மென்டேஷன் மென்பொருள் வரிசையாகக் கோக்கிறது. ‘கோப்பு’ என்ற சொல்லே ‘கோ’வில் பிறந்ததுதானே! எனவே ‘கோவையாக்கம்’ என்கிறேன். பொத்தானில் ‘கோவையாக்கு’, மென்பொருளுக்குக் ‘கோவையாக்கி’, ஃப்ராக்மென்டேஷனுக்குச் ‘சிதறல்’. ‘கோப்பி’ மட்டும் வேண்டாம். இலங்கையில் அது காபி.

> ‘தொடராக்கம்’?

நல்ல சொல். ஆனால் அது சீரியலைசேஷனுக்கு (தரவைச் சேமிக்கவோ அனுப்பவோ ஏற்ற ஒரே தொடராக மாற்றுவது) இன்னும் பொருத்தம், அங்கேயே விடுவோம். ‘கோவையாக்கு’ ஒற்றைக் கோப்புக்கும் ஒத்துவரும்: மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ‘கான்டிக்’ கருவி முழு டிரைவையும் தொடாமல் ஒரு கோப்பை மட்டும் கோவையாக்கும்.

> எஸ்எஸ்டிக்கும் இதே சொல்லா?

கூடாது. எஸ்எஸ்டி சுழலும் தகட்டில் அல்ல, சிப்பில் சேமிப்பது. அதில் ஹெட் இல்லை, தாவலும் இல்லை. கோவையாக்கினால் வீணாக எழுதி எழுதித் தேய்வதுதான் மிச்சம். அதற்கு வேண்டியது டிரிம், அதாவது எந்தப் பகுதிகள் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது. விண்டோஸ் 8 முதல் இரண்டு வேலையும் ‘ஆப்டிமைஸ்’ என்ற ஒரே பொத்தானில் இருக்கின்றன. அதை ‘உகப்பாக்கு’ என்றே வைப்போம்.

உதவிக் குறிப்புக்கு என் வரைவு: “முதலில் ‘பகுப்பாய்வு செய்’ அழுத்துங்கள். சிதறல் 10%-ஐத் தாண்டினால் ‘கோவையாக்கு’. டிரைவில் 15% இடமாவது காலியாக இருக்கட்டும்; துண்டுகளை நகர்த்தி வைக்க இடம் வேண்டும். பேஜ்ஃபைல் (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருக்கும் கோப்பு) போன்ற சில சிஸ்டம் கோப்புகள் நகராது, அது பிழையல்ல.”