மூக்குக்குக் கீழே இருக்கிற பள்ளத்துக்கும் ஃபில்டருக்கும் என்ன உறவு?

காப்பிப்பொடி: மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சின்ன வாய்க்கால் மாதிரி ஒன்று இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ஃபில்ட்ரம் என்று பெயர். ஜலதோஷம் வந்தால் மூக்கு அந்த வழியாகத்தான் ஒழுகும். ஃபில்டரிலிருந்துதான் வந்திருக்கும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வேர்க்கடலை: நிறைய இருக்கிறது. ஆங்கிலத்தில் பள்ளத்துக்கு பி-ஹெச், வடிகட்டிக்கு எஃப். தமிழில் இரண்டையும் ஒரே 'ஃப' போட்டு எழுதுவதால் வந்த வினை இது. ஃபில்டருக்கு மூலம் இடைக்கால லத்தீனில் ஃபெல்ட்டைக் குறித்த சொல், அதாவது ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்கிற துணி, அதில்தான் அப்போது வடிகட்டினார்கள். ஃபில்ட்ரம் கிரேக்கத்து ஃபில்ட்ரான். வசிய மருந்து என்று அர்த்தம்.

காப்பிப்பொடி: வசியமா! மூக்கு ஒழுகுகிற இடத்துக்கா? ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கதையா?

வேர்க்கடலை: எழுத்து மட்டும் இல்லை ஐயா. 'ஃபில்' என்றால் நேசிப்பது, ஃபிலாசஃபியில் வருகிற அதே ஃபில். 'ட்ரான்' கருவியைக் காட்டும் விகுதி. கலப்பைக்கு அவர்கள் அரோட்ரான் என்றார்கள். சமஸ்கிருதத்தில் 'த்ர' இதற்கு உடன்பிறப்பு. மந்திரத்தில் இருப்பது அதுதான், குடிப்பதைக் குறிக்கும் 'பா'வோடு சேர்ந்து பாத்திரம் ஆனதும் அதுதான். ஆக உங்கள் காப்பிப் பாத்திரம் ஃபில்ட்ரத்துக்குத் தூரத்துச் சொந்தம், காப்பி ஃபில்டர் இல்லை.

காப்பிப்பொடி: சரி, ஃபெல்ட் கதையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசியம் ஏன் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது?

வேர்க்கடலை: கிரேக்கர்களே அதை அப்படித்தான் அழைத்தார்கள். முத்தத்தை நினைத்து வைத்த பெயர் என்பார்கள், அது ஊகம்தான்.

மைப்பெட்டி: குறுக்கே வருகிறேன், நான் மணப்பெண் மேக்கப் போடுகிறவள். அந்தப் பள்ளம் முடிகிற இடத்தில் மேலுதடு வளைகிறதே, அதை நாங்கள் க்யூபிட்ஸ் போ என்போம். காதல் தேவனின் வில். லிப் லைனரை எடுத்தால் முதலில் பள்ளத்தின் இரண்டு கரைக்கும் கீழே ஒவ்வொரு புள்ளி வைத்துவிட்டுத்தான் மீதியை இழுப்போம். அப்புறம், கருவில் 6, 7 வாரத்தில் முகத்தின் பாகங்கள் வந்து ஒட்டுகிற இடம் அது, சரியாக ஒட்டாவிட்டால் உதட்டுப்பிளவு. சளிக்காக வெட்டிய வாய்க்கால் இல்லை.

காப்பிப்பொடி: வில்லும் அம்பும் இருக்கட்டும் அம்மா, இங்கே மூன்று நாளாக ஒழுகிக்கொண்டிருக்கிறது.