வைட்டமின் டி 7.8, குதிகால் ஸ்கேனில் மைனஸ் 2.9: டிரிப் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

செம்மண்காடு, திருப்பூர் (ஜூன் 3)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எனக்கு 47 வயது. பனியன் கம்பெனியில் 14 வருஷமாகச் செக்கிங் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வருவேன். ட்யூப்லைட் வெளிச்சத்தில் துணியைத் திருப்பித் திருப்பி ஓட்டை, கறை பார்க்கிற வேலை.

ஒன்றரை வருஷமாக இடுப்பும் தொடையும் வலிக்கிறது. மூட்டில் இல்லை, எலும்புக்குள்ளேயே வலிக்கிற மாதிரி. விலாவில் விரல் வைத்து அழுத்தினால் உயிர் போகிறது. அதைவிடப் பயமாக இருப்பது வேறொன்று. அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்கிவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பஸ் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொள்கிறேன். "ஏனக்கா இப்படி ஆடி ஆடி நடக்கறீங்க" என்று லைனில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். காட்டிய இடத்திலெல்லாம் மாதவிலக்கு நிற்கிற வயசு, எடையைக் குறை என்றுதான் சொன்னார்கள். வலி மாத்திரை சாப்பிட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

போன மாதம் எங்கள் பகுதியில் இலவச எலும்பு முகாம். காலை ஒரு பெட்டிக்குள் வைத்துக் குதிகாலில் பார்த்தார்கள். மைனஸ் 2.9, சிவப்புக் கட்டம். எலும்பு தேய்மானம் முற்றிவிட்டது, வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏற்றும் ஊசி போட்டால் சரியாகும் என்று சொல்லி 20ஆம் தேதிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மகள் சண்டை போட்டு ரத்தம் கொடுக்க வைத்தாள். வைட்டமின் டி 7.8 என்று ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, 6 லட்சம் யூனிட் வைட்டமின் ஊசி ஒன்று போட்டால் போதும் என்கிறார்.

எதை முதலில் போடுவது? இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு எனக்கு எப்படி 7.8?

பழைய லேப்காரன், ஈரோடு (ஜூன் 3)

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. 26 வருஷம் லேபில் ரத்தம் பார்த்தவன், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் உடனே பதில் போடத் தோன்றியது. 20ஆம் தேதி ஊசியை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

எலும்பில் இரண்டு விதமான கோளாறு இருக்கிறது. வீடு கட்டுவதை வைத்துச் சொல்கிறேன். ஆஸ்டியோபொரோசிஸில் கான்கிரீட் நல்ல கான்கிரீட்தான், தூண்களின் எண்ணிக்கைதான் குறைந்துபோகும். அது விழுந்து உடையும் வரை பெரும்பாலும் வலிக்காது. ஆஸ்டியோமலேசியா வேறு. கம்பி கட்டியாகிவிட்டது, கான்கிரீட் ஊற்றவில்லை. எலும்பு மென்மையாகி வலிக்கும். கூடவே தொடை, இடுப்புத் தசை பலம் இழக்கும். தரையிலிருந்து எழ முடியாதது, படி ஏற முடியாதது, ஆடி நடப்பது, விலாவை அழுத்தினால் வலிப்பது எல்லாம் இந்த இரண்டாவதைத்தான் நினைக்க வைக்கிறது.

முகாமில் வைத்த குதிகால் மெஷின் ஒலி அலையை வைத்துக் கணக்கிடுவது. ஆஸ்டியோபொரோசிஸ் என்று சொல்லப் பயன்படும் மைனஸ் 2.5 என்ற அளவுகோல் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கானது. அதை இதில் பொருத்திப் பார்க்கக் கூடாது. டெக்ஸாவே எடுத்தாலும் அது எலும்பில் உள்ள தாதுவை மட்டும்தான் அளக்கும். தூண் குறைந்ததா, கான்கிரீட் ஊற்றாததா என்று அதற்குத் தெரியாது, இரண்டிலும் குறைவாகவே காட்டும்.

அந்த டிரிப் ஊசி அநேகமாக ஜோலட்ரானிக் ஆசிட். சரியான ஆளுக்கு நல்ல மருந்து. ஆனால் அது எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வருவதை அடைத்துவிடும். வைட்டமின் டி 7.8 இருக்கும்போது குடலும் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. இரண்டு வழியும் அடைபட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். அதனால்தான் முதலில் டி-யையும் கால்சியத்தையும் சரிசெய்துவிட்டு அப்புறம் போட வேண்டும் என்பது விதி.

பழைய ரத்த ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? லிவர் டெஸ்ட் எடுத்திருந்தால் அதில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

செம்மண்காடு (ஜூன் 4)

அண்ணா, போன வருஷம் வயிற்றுப் புண்ணுக்கு எடுத்த ரிப்போர்ட் பீரோவில் இருந்தது. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 286. பக்கத்தில் 40-130 என்று போட்டு, தடித்த எழுத்தில் இருக்கிறது. பிலிருபின், எஸ்ஜிபிடி எல்லாம் நார்மல். அன்றைக்குக் கேட்டபோது லிவரில் லேசாக ஏதோ, பயப்பட வேண்டாம் என்றார்கள்.

பழைய லேப்காரன் (ஜூன் 4)

அந்த ஒரு வரியைத்தான் தேடினேன். இது லிவரிலிருந்தும் வரும், எலும்பிலிருந்தும் வரும். லிவரின் மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருந்து இது மட்டும் ஏறியிருந்தால் எலும்பைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு வருஷமாக உங்கள் பீரோவில் தூங்கியிருக்கிறது. எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் இப்படித் தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுத்த எத்தனையோ ரிப்போர்ட்டை நானே கவரில் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து கால்சியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டுவது), பிடிஹெச் என்ற ஹார்மோன், இடுப்பு எக்ஸ்ரே இவற்றை ஒரு ஹார்மோன் டாக்டரிடமோ எலும்பு டாக்டரிடமோ கேளுங்கள். டி குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி பிடிஹெச்சை ஏற்றிவிடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தை நிரப்பும், பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளிவிடும். பாஸ்பரஸ் இல்லாமல் புது எலும்பு இறுகாது.

வெயில் கேள்விக்கு வருகிறேன். உடம்பில் டி உண்டாக்குவது யூவி-பி கதிர். அது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. காலை ஆறு, ஏழு மணி இளவெயிலிலும் அது மிகவும் குறைவு. இளவெயில் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வது உடம்புக்கு இதமானதுதான், டி-க்கு உதவாது. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் கணக்கு. நம் பக்கம் சுமார் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை நன்றாகக் கிடைக்கும். நீங்கள் அந்த நேரம் முழுக்கக் கூரைக்குக் கீழே. கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரமும் வேண்டும். ஆனாலும் 7.8 எனக்கு ரொம்பக் குறைவாகப் படுகிறது. வேறு ஏதாவது மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுகிறீர்களா?

வைகைக்கரை, மதுரை (ஜூன் 4)

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்களுக்கு 60,000 யூனிட் பவுடர் எழுதிக் கொடுப்பார்கள். அது வாரத்துக்கு ஒன்று. தயவுசெய்து காலண்டரில் கிழமையைக் குறித்துவிடுங்கள். எங்கள் அத்தை மற்ற மாத்திரையோடு சேர்த்துத் தினம் ஒன்றாக 26 நாள் குடித்துவிட்டார். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. முதலில் தாகம், அடிக்கடி ஒன்றுக்கு, மலச்சிக்கல். அப்புறம் வாந்தி. ஒருநாள் என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டார். கால்சியம் 14-க்கு ஏறியிருந்தது, கிரியேட்டினின் ஏறிவிட்டது. சலைன் ஏற்றி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டி கொழுப்பில் தங்கிவிடுவதால் முழுதாக இறங்க மாதங்கள் ஆயின. மருந்துக்கடையில் கவர் மேல் வாரம் ஒன்று என்று எழுதித் தரவில்லை. இப்போது நானே எழுதி ஒட்டுகிறேன்.

செம்மண்காடு (ஜூன் 5)

இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இருபது வயதில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து பெனிடாயின் மாத்திரை, இன்றுவரை விட்டதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

பழைய லேப்காரன் (ஜூன் 5)

இருக்கிறது, தங்கச்சி. பெனிடாயின், பினோபார்பிட்டோன் போன்றவை லிவரின் நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி-யைச் சீக்கிரம் சிதைக்க வைக்கும். வெயிலும் இல்லாமல், இதுவும் சேர்ந்தால் 7.8 வருவது புரிகிறது. அந்த மாத்திரையால் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் தானாகவும் கொஞ்சம் ஏறலாம், அதனால்தான் மற்ற டெஸ்ட்டுகளும் வேண்டும் என்கிறேன். ஒன்று மட்டும்: பெனிடாயினை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்து விழுந்தால் இந்த எலும்பு தாங்காது.

6 லட்சம் ஊசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. கொடுத்தவர்களுக்குத்தான் விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமாக இருந்தது. உங்கள் வயது வேறு, நோய் வேறு. இருந்தாலும் மொத்தமாகக் கொட்டுவதைவிட அளவாகக் கொடுப்பதையே நான் நம்புகிறேன்.

ஸ்காபரோ, கனடா (ஜூன் 7)

வணக்கம். எனக்கு வயது 38, நோவு ஒன்றும் இல்லை. என்னுடைய வைட்டமின் டி அளவு 52. இதைப் பார்த்தால் நான் மிச்சம் நல்லாக இருக்கிறேனா, அல்லது உங்கள் கணக்கு வேறா? ஊரில் அக்காவுக்கு 21 என்று வந்து அவ பயந்து போனா.

பழைய லேப்காரன் (ஜூன் 7)

தம்பி, உங்கள் நாட்டில் நானோமோல் என்ற அலகில் அளப்பார்கள், இங்கே நானோகிராமில். உங்கள் எண்ணை இரண்டரையால் வகுங்கள். நீங்களும் அக்காவும் ஒன்றுதான்.

இரண்டு பேருமே பயப்படத் தேவையில்லை. 30 இருந்தால்தான் போதும் என்ற கோடு 2011-ல் அமெரிக்காவின் ஹார்மோன் டாக்டர்கள் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி போட்டது. ஏறக்குறைய அதே சமயம் அங்கே இன்னொரு மருத்துவக் குழு 20 போதும் என்றது. 2024-ல் எண்டோகிரைன் சொசைட்டியே அந்த 30-ஐக் கைவிட்டு, ஆரோக்கியமான பெரியவர்கள் வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆனாலும் பல லேப் ரிப்போர்ட்டில் 30-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்றே அச்சாகிறது. அமெரிக்காவில் 25,871 பேரை ஐந்து வருஷத்துக்கு மேல் கவனித்த வைட்டல் ஆய்வில், தினம் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் எலும்பு முறிவில் வித்தியாசம் இல்லை. அவர்கள் பெரும்பாலும் போதுமான அளவு டி இருந்தவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றின கதை. குடமே காய்ந்து கிடக்கும் நம் தங்கச்சிக்கு அந்த முடிவு பொருந்தாது. இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வெயிலில் நின்றும் பயனில்லை. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்ன அளவு தினம் 600 யூனிட். அதற்கு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

செம்மண்காடு (அக்டோபர் 12)

நாலு மாதம் கழித்து வருகிறேன். கோயம்புத்தூரில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்த்தேன். கால்சியம் 8.3, பாஸ்பரஸ் 2.1, இரண்டும் குறைவு. பிடிஹெச் 148, அதிகம். எக்ஸ்ரேயில் இடது தொடை எலும்பின் கழுத்தில், உள்பக்கம், முடி விழுந்த மாதிரி ஒரு கோடு. லூசர்ஸ் சோன் என்று காட்டினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அந்த இடத்தில் உடைந்திருக்கும் என்றார். ஆஸ்டியோமலேசியாதான். டிரிப் ஊசி இப்போது கூடவே கூடாது என்று அவரும் சொன்னார்.

வாரம் ஒரு 60,000 பவுடர், 12 வாரம், மதியம் சாப்பிட்டதும். கால்சியம் காலையும் இரவும் சாப்பாட்டோடு, பெனிடாயினோடு சேர்க்காமல் இடைவெளி விட்டு. வைகைக்கரை அக்கா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டம் போட்டேன். ஆறாவது வாரம் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 301 ஆனதும் அழுதுவிட்டேன். எலும்பு இறுக ஆரம்பிக்கும்போது முதலில் ஏறும், பொறுங்கள் என்றார் டாக்டர். போன வாரம் 171. டி 31, பிடிஹெச் 70.

எண்களைவிட இதைச் சொல்லத்தான் வந்தேன். ஆடி பதினெட்டு அன்றைக்கு அரிவாள்மனையிலிருந்து சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். எழுந்த பிறகுதான் கவனித்தேன். மகளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டினேன்.

நரம்பு டாக்டர் வலிப்பு மாத்திரையை மெதுவாக மாற்றிக்கொண்டிருக்கிறார். டெக்ஸா ஒரு வருஷம் கழித்து எடுத்தால் போதுமாம். மதியச் சாப்பாட்டு நேரம் மொட்டை மாடிச் சாவியை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். வாரம் நாலு நாள் இருபது நிமிஷம், கையும் காலும் வெயிலில். இப்போது ஏழு பேர் வருகிறோம். ராகிக் களியும் மத்திக் குழம்பும் வீட்டில் கூடியிருக்கிறது.

அந்த ஏழு பேரில் ஒரு அக்காவுக்கு 52 வயது, தையல் லைனில் கை மடிக்கிற வேலை. படி ஏறும்போது என்னை மாதிரியே கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். டி டெஸ்டுக்குக் காசு அதிகம் என்று தயங்குகிறார். முதலில் எதைப் பார்க்கச் சொல்லட்டும், அண்ணா?

பழைய லேப்காரன் (அக்டோபர் 12)

கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியேட்டினின். நாலும் சேர்ந்தாலும் டி டெஸ்ட்டை விடச் செலவு குறைவாகத்தான் இருக்கும், அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் அங்கேயே எடுப்பார்கள். கூடவே நீங்களும் போங்கள், தங்கச்சி. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலிலேயே கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.