பிறந்தநாளுக்கு ராக்கெட் விடணும், பாட்டில் இல்லாம எப்படி? (கோத்தகிரி)

தேயிலைமேடு:
மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பையனோட எட்டாவது பிறந்தநாள். ராக்கெட் பார்ட்டிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். 14 பசங்க வர்றாங்க, 5 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும். வீட்டுப் பக்கத்துல பாதி விளையாட்டு மைதானம் அளவுக்கு புல்வெளி இருக்கு, கீழ்ப்பக்கம் சரிவுல தேயிலை.

இணையத்துல பாத்தா எல்லாரும் 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல தண்ணி ஊத்தி பம்ப் அடிக்கிறாங்க. நம்ம நீலகிரி மாவட்டத்துல பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, அதுக்கு எங்க போறது? கரிமருந்து வச்ச மோட்டார் கிட் வாங்கலாமாங்கறதும் ஒரு யோசனை. கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், காத்து வேற மெலிசு, இங்க ராக்கெட் ஒழுங்கா ஏறுமா? தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

குழாய்ச்சாவி:
மோட்டார் வேண்டாங்க. கரிமருந்து வெடிபொருள் சட்டத்துக்குள்ள வர்ற சமாச்சாரம். அதோட கோடை மழை சரியா பிடிக்கலன்னா புல்லும் சருகும் தீக்குச்சிக்குக் காத்திருக்கும். உந்துபொருள் செய்ற வேலையை அரவங்காடு கார்டைட் ஃபேக்டரி பாத்துக்கட்டும்.

பாட்டிலையும் விடுங்க. கீழ இருந்து கொண்டுவந்தா கல்லாறுலயோ குஞ்சப்பனையிலயோ செக்போஸ்ட்ல பதில் சொல்லிட்டு நிக்கணும். தண்ணி விக்கிற மெல்லிசு பாட்டில் கைவசம் இருந்தாலும் அதுல காத்து அடிக்கவே கூடாது, அழுத்தம் தாங்காம கிழியும். உங்களுக்குச் சரியானது மிதி ராக்கெட். காத்துப்பைய மிதிச்சா பேப்பர் ராக்கெட் 15–20 மீட்டர் ஏறும்.

காத்துப்பைக்கு பைக் டயரோட பழைய உள் ட்யூப். பஞ்சர் கடையில கழிச்சுப் போட்டதுல வால்வு நல்லா இருக்கறதா பாத்து எடுங்க. வால்வு நடுவுல வர்ற மாதிரி 60 செ.மீ. நீளம் வெட்டணும். ஒரு முனைய ரெண்டு மரச்சட்டத்துக்கு நடுவுல மடிச்சு வச்சு ரெண்டு போல்ட் போட்டு இறுக்குங்க. இன்னொரு முனையில அரை இஞ்ச் பிவிசி தண்ணி பைப்ப 8 செ.மீ. உள்ள விட்டு, மிச்ச ரப்பர மடிச்சு, ட்யூப் பட்டையால சுத்தி, மேல ஹோஸ் கிளிப். அங்கிருந்து தரையோட 1 மீட்டர் பைப், ஒரு எல்போ, செங்குத்தா 40 செ.மீ. பைப். அவ்வளவுதான் ஏவுதளம். எல்போ ஒட்டின மூட்டுல தரைப் பக்கம் மட்டும் பசை போடாதீங்க. பைப்ப திருப்பிச் சாய்க்க அதுதான் வழி. பைப் உருளாம இருக்க ஒரு பலகையில கிளாம்ப் அடிச்சிடுங்க.

ஒவ்வொரு தடவை மிதிச்ச பிறகும் ட்யூப் சப்பையாயிடும். பைப் வாய உள்ளங்கையால மூடிக்கிட்டு வால்வுல கால் பம்ப் அடிங்க. ட்யூப் மெத்துன்னு எழுந்ததும் நிறுத்திட்டு, பிறகுதான் ராக்கெட் மாட்டணும். வாய அடைச்சு வச்சு விறைக்கிற வரைக்கும் ஏத்தினா அது வேற ஆபத்து: பிவிசி தண்ணி அழுத்தத்துக்குன்னு செஞ்சது, காத்தை அடைச்சு உடைஞ்சா சில்லாத் தெறிக்கும், மலைக்குளிர்ல இன்னும் மொறுமொறுப்பாயிடும்.

உயரம் பத்திக் கவலையே வேண்டாம். கோத்தகிரியில காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஆறுல ஒரு பங்கு குறைவு. பேப்பர் ராக்கெட்ட பிடிச்சு இழுக்கறது அந்தக் காத்துதானே. நமக்கு லாபம்.

காகிதக்கூம்பு:
ஏவுதளம் அவர் சொன்னபடி. ஆனா ஒண்ணு போதாது, ரெண்டு செய்யுங்க. 14 பிள்ளைங்களுக்கு ஆளுக்கு மூணு தடவைன்னா 42 ஏவல். காத்தடிச்சு, மாட்டி, எண்ணி விட ஒரு தடவைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அஞ்சு வயசுக்காரங்க அவ்வளவு நேரம் வரிசையில நிக்க மாட்டாங்க.

ராக்கெட்தான் சொதப்புற இடம். ஏவுற அதே அளவு பைப்ப 35 செ.மீ. துண்டுகளா நறுக்கி, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு கொடுங்க. அதுமேல முதல்ல ஒரு பேப்பர ஒரே சுத்து சுத்தி ஒட்டிடணும். அதுக்கு மேலதான் ராக்கெட்டுக்கான ஏ4 தாள நீளவாக்குல உருட்டணும். அந்த ஒரு சுத்து இடைவெளி இல்லன்னா ராக்கெட் பைப்ப இறுகப் பிடிச்சுக்கிட்டு கிளம்பவே கிளம்பாது. எலக்ட்ரிக் வேலைக்கான 20 மி.மீ. பைப்பையும் தண்ணி பைப்பையும் கலக்காதீங்க. தண்ணி பைப்போட வெளிவிட்டம் 21.3 மி.மீ.; அதுல உருட்டினது எலக்ட்ரிக் பைப்ல லொடலொடன்னு நிக்கும், காத்தெல்லாம் கீழயே போயிடும்.

ஃபெவிகால் வேண்டாம். மலை ஈரத்துல காயறதுக்குள்ள கேக் வெட்டிடுவாங்க. நீளத்துக்கும் செல்லோடேப்.

பெரும்பாலும் ராக்கெட் மூக்குலதான் கெட்டுப்போகும். மிதிச்ச வேகத்துல மொத்த அழுத்தமும் மேல்நுனியில மோதுறதால, வெறும் கூம்ப ஒட்டி வச்சா அது மட்டும் பறக்கும், உடம்பு பைப்லயே நிக்கும். குழாயோட மேல்வாய 2 செ.மீ. மடிச்சு, திரும்பவும் ஒரு மடி மடிச்சு, டேப்ப ஒரு பக்கத்துல இருந்து தலைக்கு மேல ஏத்தி மறுபக்கம் இறக்குங்க, குறுக்கும் நெடுக்குமா ரெண்டு. அடியில வாய் வச்சு ஊதினா காத்து கசியக் கூடாது. கூம்பு அதுக்கு மேல அழகுக்கு.

இறக்கை மூணு போதும், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில 5 செ.மீ. உயரத்துக்கு. சம தூரத்துல ஒட்ட, குழாயச் சுத்தி ஒரு பேப்பர் பட்டை வச்சு அளந்து, அந்தப் பட்டைய மூணா மடிச்சா குறி கிடைச்சிடும். கோணலா ஒட்டினா சுழலும். பெரிய பசங்க வேணும்னே அப்படி ஒட்டுவாங்க, ஒட்டட்டும். ஆனா தலைகீழாப் புரளுதுன்னா மூக்குல எடை பத்தல. சுண்டைக்காய் அளவு களிமண் கூம்புக்குள்ள வைங்க. நாணயம், நட்டு, கல் எதுவும் கூடாது. சோதிக்க: ராக்கெட்ட விரல்ல நிறுத்தி, சமநிலை வர்ற இடத்துல ஒரு மீட்டர் நூல் கட்டி தலைக்கு மேல சுத்துங்க. மூக்கு முன்னால போனா சரி.

பிஎஸ்எல்வி 44 மீட்டர் உயரம், 2.8 மீட்டர் விட்டம். இந்தக் குழாய்க்கு அதே விகிதத்துல கணக்குப் போட்டா 33 செ.மீ. சொச்சம் வருது. ஏ4 தாளோட கூம்பும் சேர்ந்தா ஏறக்குறைய அதேதான். பத்து வயசுக்காரங்க அந்த வகுத்தலைப் போட்டுப் பாக்கலாம்.

தேயிலைமேடு:
ரொம்ப நன்றிங்க. நேரமும் திசையும் எப்படி வச்சுக்கலாம்? சின்னதுகளுக்கு?

குழாய்ச்சாவி:
மே மாசம் மதியத்துக்கு மேல மழை வந்து நிக்கும். 9 மணிக்கு உருட்ட ஆரம்பிச்சா 10க்கு ஏவலாம், 11:30க்குள்ள முடிச்சிடுங்க. செஞ்ச ராக்கெட்ட புல்லுல வைக்க விடாதீங்க, பனியில ஊறி மடங்கிடும். மூடி போட்ட பெரிய எவர்சில்வர் டப்பாவுல போடுங்க. கேக், வர்க்கி எல்லாம் ஏவி முடிச்ச பிறகு. நெய்க்கை பட்ட பேப்பர்ல டேப் ஒட்டாது.

வெயில் ஏற ஏற காத்து சரிவுல கீழ இருந்து மேல வரும். ஏவுதளத்தை புல்வெளியோட மேல் ஓரத்துல வச்சு, பைப்ப காத்து வர்ற பக்கம் கொஞ்சமே கொஞ்சம், பத்து டிகிரிக்குள்ள, சாய்ங்க. அதுக்கு மேல சாய்ச்சா தேயிலைக்குள்ள போய் விழும். அங்க எடுக்கப் போறது பெரியவங்க மட்டும். காட்டுமாடு செடி மறைவுல படுத்திருக்கும், முதல்ல ஒரு பார்வை பாத்துக்கங்க. மிதிக்கிற இடத்துல ட்யூபுக்கு அடியில பழைய கயித்துப்பாய் போட்டா ஈரப்புல்லுல வழுக்காது. மத்தவங்க அஞ்சு மீட்டர் தள்ளி கயித்துக்குப் பின்னால. பைப்புக்கு மேல எந்தத் தலையும் குனியக் கூடாது, ராக்கெட் கிளம்பலன்னாலும்.

காகிதக்கூம்பு:
அஞ்சு வயசுக்காரங்களுக்கு பேப்பர் ஸ்ட்ரா ராக்கெட். ஸ்ட்ராவை விடக் கொஞ்சம் தடிமனான பென்சில்ல 10 செ.மீ. காகிதத்தைச் சுத்தி ஒட்டி, நுனிய மடிச்சு ஒட்டி, ஸ்ட்ராவுல மாட்டி ஊதறதுதான். ஆளுக்கு ரெண்டு ஸ்ட்ரா வைங்க, எச்சில்ல நனைஞ்சு சீக்கிரம் தொய்ஞ்சிடும்.

பரிசு கொடுக்கணும்னா உயரம் அளங்க. கோணமானியோட நேர்விளிம்ப ஒட்டி ஒரு காகிதக் குழல், நடுப்புள்ளியில நூல், நூல் நுனியில நட்டு. ஏவுற இடத்துல இருந்து சமதரையில 20 மீட்டர் தள்ளி நின்னு உச்சிய குழல் வழியா பாக்கும்போது நூல விரலால பிடிச்சுடணும். நூல் 90ல இருந்து எவ்வளவு விலகியிருக்கோ அதுதான் கோணம். 30 டிகிரின்னா 11.5 மீட்டர், 45ன்னா 20. ரெண்டுலயும் பாக்கிற பிள்ளையோட கண் உயரத்தைக் கூட்டிக்கங்க. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு அளந்து சராசரி எடுத்தா சண்டை குறையும்.

தேயிலைமேடு:
பஞ்சர் கடையில ட்யூப் சொல்லி வச்சாச்சு. ஒரு ட்யூப்ல ரெண்டு பை வருமா?

குழாய்ச்சாவி:
நீளம் வரும், ஆனா ட்யூபுக்கு ஒரு வால்வுதானே. ரெண்டு ட்யூபா வாங்குங்க.