ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக், ஹார்ட்கோர்: முதல் 'ஜி' சண்டையைத் தாண்ட முடியவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2019ல் வந்த வீடியோ கேம் ரீமேக், பிஎஸ்4, லியோன் என்ற நாயகனின் முதல் பாதை, ஹார்ட்கோர் (மிகக் கடினமான நிலை). மூன்று மெடாலியனும் (பதக்கம்) காவல் நிலையச் சிலையில் வைத்து அதற்கு அடியில் இறங்கிய பிறகு, இயந்திர அறையில் 'ஜி' என்ற அரக்கனாக வரும் வில்லியம் பர்கினிடம் மாட்டி நிற்கிறேன்.

கையில் இருப்பது: மட்டில்டா கைத்துப்பாக்கிக்கு 22 தோட்டா, ஷாட்கனுக்கு 5, ஒரு ஃப்ளாஷ் கிரனேடு, பாதி தேய்ந்த கத்தி, ஒரு பச்சை மூலிகை. கடைசி சேவ் மெயின் ஹாலில், சேவ் செய்ய உதவும் டைப்ரைட்டரில். ஹார்ட்கோரில் ஆட்டோசேவ் கிடையாது, எஸ்+ என்ற உச்ச மதிப்பீடு வேண்டுமென்றால் மூன்று சேவ், இரண்டரை மணி நேரம்தான். அதனால் சேவ் செய்யத் தேவையான மை ரிப்பனை இங்கே செலவழிக்க மனமில்லை.

செய்து பார்த்தவை: தோளில் இருக்கும் கண்ணை மட்டும் குறிவைத்தேன், அவன் தள்ளாடுகிறான், விழவில்லை. பிடித்தபோது கிரனேடால் தப்பித்தேன். கிடைத்த சாதாரண வெடிமருந்தை மஞ்சள் உயர்தர வெடிமருந்தோடு கலந்து ஷாட்கன் தோட்டா ஆக்கியாயிற்று, மேலே சொன்ன 5ல் அதுவும் அடக்கம். இயந்திரங்களைச் சுற்றி ஓடினால் இடைவெளி கிடைக்கிறது, ஆனால் திரும்பிச் சுடும் நேரத்தில் பைப் அடி விழுகிறது. இரண்டு அடி வாங்கினால் கதை முடிந்தது.

1998 மூலத்தோடு ஒப்பிட்டு இந்த ரீமேக்கை மதிப்பிட்டு எழுதுகிறேன். ஹார்ட்கோரின் தோட்டாப் பஞ்சம் நியாயமானதா என்பது இந்த அறையில்தான் தெரியும்.

இந்தச் சண்டைக்குள் குறைந்தபட்சம் எத்தனை ஷாட்கன் தோட்டாவோடு நுழைய வேண்டும்?